பாங்கு சொன்ன காது

அல்ஹம்து லில்லாஹ். மனிதனைப் படைத்து, அவனுக்குப் பேச்சையும் கற்றுக் கொடுத்த அர்ரஹ்மானுக்கே புகழ் அனைத்தும். அவனுடைய திருத்தூதர், கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



நம் வீட்டிலே ஒரு குழந்தை பிறந்துவிட்டால் முதற்காரியமாக என்ன செய்கிறோம்? துணியிலே சுற்றிக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார்கள். வாப்பாவோ, அப்பாவோ, பள்ளிவாசல் அஸ்ரத்தோ அதை வாங்கி, வலது காதிலே பாங்கும் இடது காதிலே இகாமத்தும் சொல்லுகிறார்கள். ஹஸன் (ரலி) அவர்கள் பிறந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களுடைய காதிலே பாங்கு சொன்னதை நான் பார்த்தேன் என்று அபூராஃபிஃ (ரலி) அறிவிக்கும் செய்தி திர்மிதியிலும் அபூதாவூதிலும் வந்திருக்கிறது. வாப்பா துபாயில் இருந்தால் கைப்பேசியைக் குழந்தையின் காதருகே வைத்து அங்கிருந்தே பாங்கு சொல்லுகிற காட்சியையும் நம் கடற்கரை ஊர்களில் இப்போது காண்கிறோம். (அதனால் சுன்னத்து நிறைவேறுமா என்பது வேறு மஸ்அலா. அதை இங்கே இழுக்க வேண்டாம்.)

சற்றே சிந்தித்துப் பாருங்கள்! பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத சிசு அது. அதற்கு அரபு தெரியாது, தமிழும் தெரியாது. "இதற்கு என்ன விளங்கும், இதனிடம் ஏன் பேச வேண்டும்?" என்று நினைத்திருந்தால் பாங்கு சொல்லுகிற வழக்கமே ஏற்பட்டிருக்காது. விளங்குகிறதோ இல்லையோ, முதலில் காதுக்குச் சொல். விளக்கம் பின்னால் வரும் என்பதல்லவா அதற்குள் இருக்கிற பாடம்?

அந்தப் பாடத்தை நாம் பாங்கோடு நிறுத்திவிட்டோம். அதற்கப்புறம் அந்தக் குழந்தையிடம் யார் பேசினோம்? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. பாங்கு சொன்னோமே, அந்தக் காதுக்கு அது கேட்டதா என்று யார் பார்த்தோம்?

நான் பார்க்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பெரியபட்டினத்திலே ஓர் அஸர் தொழுகைக்குப் பிறகு, இரண்டு வயதுப் பையன் ஒருவனை அவனுடைய உம்மாவும் உம்மம்மாவும் ஓதிப் பார்ப்பதற்காகக் கொண்டு வந்தார்கள். "அஸ்ரத், புள்ள இன்னும் பேசல. நீங்க ஒரு தண்ணி ஓதிக் குடுங்க" என்றார் மூதாட்டி. "அவன் வாப்பாவும் இப்படித்தான். நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார். நான் ஃபாத்திஹா ஓதினேன். குல் சூராக்கள் ஓதினேன். மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி ரப்பிடம் கேட்ட அந்த துஆவையும் ஓதி, தண்ணீரிலே ஊதிக் கொடுத்து, "இன்ஷா அல்லாஹ் பேசுவான்" என்று அனுப்பி வைத்தேன். ஏழெட்டு மாதம் கழித்து மறுபடியும் வந்தார்கள். மறுபடியும் அதையே செய்தேன்.

தண்ணீர்ப் பாத்திரத்தைக் கையில் வைத்து நான் ஓதிக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்துத் தோப்பிலிருந்து காய்ந்த தென்னை மட்டை ஒன்று தகரக் கூரைமேல் 'தடால்' என்று விழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உம்மாவும் உம்மம்மாவும் "யா அல்லாஹ்!" என்று திரும்பினார்கள். அந்தப் பையன் மட்டும் தரையில் ஊர்ந்துகொண்டிருந்த எறும்பு வரிசையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளையின் நாவிலே முடிச்சு எதுவும் இல்லை. நான் ஓதியது எதுவும் அவன் காதுக்குப் போயிருக்கவில்லை. பரிசோதனைக்கு அனுப்பினோம். இரண்டு காதும் பிறவியிலேயே கேளாதவை என்று தெரிந்தபோது அவனுக்கு மூன்று வயது நெருங்கிவிட்டது. அந்தத் தாமதத்தில் என் பங்கு ஏழெட்டு மாதம். அதற்கு மறுமையிலே நான் பதில் சொல்ல வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

திருமறையின் அந்நஹ்ல் சூரா 78ஆம் ஆயத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் தாய்மாரின் வயிறுகளிலிருந்து நீங்கள் எதையும் அறியாதவர்களாக இருக்கும் நிலையில் அல்லாஹ் உங்களை வெளிக்கொண்டு வந்தான் என்று சொல்லிவிட்டு, பிறகு செவி, பார்வை, இதயம் என்று வரிசைப்படுத்துகிறான். குர்ஆனிலே இவ்விரண்டும் சேர்ந்து வருகிற பெரும்பாலான இடங்களில் செவிதான் முன்னே வருகிறது. முஃபஸ்ஸிர்கள் இதற்குப் பல நுட்பங்களைச் சொல்லியிருக்கிறார்கள். கண் திறக்கு முன்பே காது திறந்துவிடுகிறது என்பதை இன்றைய மருத்துவமும் சொல்லுகிறது. கருவறையிலே ஆறாம் மாத அளவில் சிசு ஓசையைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. உள்காதிலே ஓசையை வாங்குகிற உறுப்பு சுருண்ட சங்கைப் போலவே இருக்கும். மன்னார் வளைகுடாவில் சங்கு குளிக்கிற நம் மக்களுக்கு அதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை; பட்டாணி அளவிலே ஒரு சங்கு என்று நினைத்துக்கொண்டால் போதும். 1980இல் அமெரிக்காவிலே டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட நிரம்பாத குழந்தைகள் மற்றப் பெண்களின் குரலைவிடத் தம் தாயின் குரலைக் கேட்கவே விரும்புவதைக் கண்டார்கள். வயிற்றுக்குள் இருந்தபடியே உம்மாவின் குரலைப் பாடமாக்கிக்கொண்டுதான் அது வெளியே வருகிறது. ஸுப்ஹானல்லாஹ்!

பேச்சு என்பது நாவிலே தானாக முளைப்பதல்ல. காது வழியாக உள்ளே போனதுதான் நாவு வழியாக வெளியே வருகிறது. வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் (ரஹ்) 1377இல் எழுதிய முகத்திமாவிலே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: மொழி என்பது ஒரு பழக்கத் திறமை; குழந்தை முதலில் தனித்தனிச் சொற்களைக் கேட்கிறது; பிறகு அவை கோவையாவதைக் கேட்கிறது; கேட்கக் கேட்க, சொல்லச் சொல்ல அது இயல்பாகிவிடுகிறது. மொழித் திறமைகளுக்கெல்லாம் தந்தை கேள்விப்புலன்தான் என்ற கருத்தும் அவருடையதே. மதரஸாவிலே நாம் இலக்கணம் படிக்கிறபோது இதைக் கடந்து போய்விடுகிறோம். தொட்டிலுக்குப் பக்கத்திலே நின்று நினைத்துப் பார்ப்பதில்லை.

இதற்கு நேர்மாறாகச் செய்து பார்த்தவரும் நம் நாட்டிலேயே இருந்தார். முகலாயப் பேரரசர் அக்பர், யாரும் கற்றுக் கொடுக்காவிட்டால் குழந்தை எந்த மொழியைப் பேசும் என்று அறிய ஆசைப்பட்டார். பச்சிளங் குழந்தைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்து, ஊருக்கு வெளியே ஒரு கட்டடத்திலே வைத்து, அவர்கள் காதில் ஒரு பேச்சும் விழக்கூடாது என்று காவல் போட்டார். பாலும் உணவும் குறைவில்லாமல் கிடைத்தன. அபுல் ஃபஸ்லும் எழுதியிருக்கிறார்; அக்பரை விரும்பாத பதாயூனியும் எழுதியிருக்கிறார். சுமார் நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அங்கே எந்த மொழியும் பிறந்திருக்கவில்லை. அத்தனை பிள்ளைகளும் ஊமையாயிருந்தார்கள். சில குழந்தைகள் அதற்குள் மவுத்தாகியும் போயிருந்தன. அந்தக் கட்டடத்துக்குக் 'குங் மஹல்', அதாவது ஊமை மாளிகை என்றே பெயர் வந்துவிட்டது. என்ன கொடுமை! காதிலே பழுதில்லை, நாவிலே பழுதில்லை, பேசுவதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அக்பரைக் குறை சொல்லுவது சுலபம். நம் வீட்டுக்குள்ளே எட்டிப் பார்ப்போமா? வாப்பா கடல் கடந்து சம்பாதிக்கிறார். உம்மா அடுப்படியிலே இருக்கிறார். முன்பெல்லாம் முற்றத்திலே உம்மம்மா, மாமி, லாத்தா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று பத்துப் பேர் இருப்பார்கள். ஆளாளுக்குக் குழந்தையைத் தூக்கி ஏதாவது பேசுவார்கள். இப்போது தனித்தனி மாடி வீடு. குழந்தை அழுதால் கையிலே கைப்பேசி. அது வண்ண வண்ணமாக ஆடுகிறது, பாடுகிறது. குழந்தையும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. "சத்தம் போடாம இருக்கு, அல்ஹம்து லில்லாஹ்" என்கிறோம். ஊமை மாளிகையிலும் சத்தம் இல்லை!

"கைப்பேசியிலும் பேச்சுத்தானே வருகிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவிலே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பேட்ரிசியா குல் என்ற அம்மையாரும் அவருடைய கூட்டத்தாரும் இதையே சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகள் சிலரிடம், சீன மொழி பேசும் ஒருவர் நேரில் உட்கார்ந்து, 12 தடவை, கதை சொல்லி, பொம்மை காட்டிப் பேசினார். வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆள், அதே பேச்சு, ஆனால் திரையில். நேரிலே கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. திரையிலே பார்த்தவை ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. திரை குழந்தையைப் பார்ப்பதில்லை. அது 'ஊ' என்றால் திரும்ப 'ஊ' என்பதில்லை. அது கை நீட்டும் பொருளின் பெயரைச் சொல்வதில்லை. ஒரு வயது முடியும்வரை திரையே வேண்டாம், இரண்டாம் வயதிலும் வேண்டாம், இரண்டு நிரம்பிய பிறகும் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. வாப்பா வெளிநாட்டிலிருந்து முகம் காட்டிப் பேசுவதை நான் குறை சொல்லவில்லை. அங்கே குழந்தை சிரித்தால் வாப்பாவும் சிரிக்கிறார். பேச்சுக்குப் பேச்சு உண்டு. ஆனால் வந்தவுடன் "பணம் வந்துச்சா?" என்று பெரியவர்களிடமே முழுநேரத்தையும் பேசித் தீர்த்துவிடாமல், குழந்தைக்கும் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள், வாப்பாமார்களே!

குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு நமக்கு வெளியே போக வேண்டியதில்லை. அனஸ் (ரலி) அவர்களுக்குத் தாய்வழித் தம்பி ஒருவர் இருந்தார். பால்குடி மறந்த பருவம். அந்தச் சிறுவர் ஒரு சின்னஞ்சிறு குருவியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். குருவி செத்துப் போயிற்று. நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அந்தச் சிறுவரை 'அபூஉமைர்' என்று பெரிய மனிதரை அழைப்பதுபோல் அழைத்து, உன் குருவி என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. இமாம்கள் இந்த ஒரு ஹதீஸிலிருந்து எத்தனையோ சட்டங்களை எடுத்திருக்கிறார்கள். தாய்மார்களுக்காக நான் ஒன்றை மட்டும் எடுக்கிறேன். பெருமானார் தமக்கு வேண்டிய விஷயத்தைப் பேசவில்லை. அந்தப் பிள்ளையின் மனம் எதிலே இருந்ததோ அதைப் பேசினார்கள். அதுவும் எப்படி? 'உமைர்' என்ற பெயரோடு குருவியைக் குறிக்கும் 'நுஃகைர்' என்ற சொல் எதுகை போட்டுக்கொண்டு வருகிறது. பிள்ளையின் காதுக்கு இனிக்கிற மாதிரி! அதோடு அதை ஒரு கேள்வியாகக் கேட்டார்கள். கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டுமே! இன்றைய பேச்சுப் பயிற்சியாளர்கள் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுப்பதும் இவைதாம்: குழந்தை பார்ப்பதைப் பற்றிப் பேசு, இனிமையாக, இழுத்துச் சொல், நிறுத்தி, அதன் முறைக்கு இடம் விடு.

பேரக் குழந்தைக்கு நாயகம் (ஸல்) தம் நாவை நீட்டிக் காட்டுவார்கள், குழந்தை அதன் சிவப்பைக் கண்டு குதூகலிக்கும் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிப்பது இப்னு ஹிப்பானில் இருக்கிறது. தொட்டிலருகே உட்கார்ந்து இப்படிச் செய்வதைக் கௌரவக் குறைவு என்று நம் ஆண்கள் நினைக்கிறார்கள். யாருடைய கௌரவத்தைவிட யாருடைய கௌரவம் பெரிது?

இன்னொன்று. நம் பிள்ளைகள் பெரும்பாலும் பிறந்தது முதல் இரண்டு மூன்று மொழிகளைக் கேட்கிறார்கள். வீட்டிலே தமிழ், மக்தபிலே அரபு, பள்ளிக்கூடத்திலே ஆங்கிலம். இதனால் பேச்சு வராது என்று பயப்படுகிறவர்களும் உண்டு. பேச்சு வரும் முன்பே தமிழை விட்டுவிட்டுத் தமக்கே சரியாக வராத ஆங்கிலத்தில் "கம், சிட், ஈட்" என்று மூன்று சொல்லோடு குழந்தையை வளர்க்கிற உம்மாமார்களும் உண்டு. இரண்டும் தவறு. பல மொழி கேட்பதால் குழந்தை ஊமையாவதில்லை. குறைவாகக் கேட்பதால்தான் பின்தங்குகிறது. உம்மாவுக்கு எந்த மொழியிலே கதை சொல்ல, கொஞ்ச, கோபிக்க வருமோ அந்த மொழியிலே பேசட்டும். உம்மு காலித் (ரலி) அபிஸீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்த பெற்றோருக்கு அங்கே பிறந்த சிறுமி. மதீனா வந்தபின் நாயகம் (ஸல்) அவர்கள் அவருக்குப் பூவேலை செய்த சிறு மேலாடை ஒன்றைத் தம் கையாலேயே அணிவித்து, அழகாயிருக்கிறது என்பதை அரபியில் சொல்லாமல், அந்தப் பிள்ளையின் காது பழகிய அபிஸீனியச் சொல்லால் 'ஸனா' என்றார்களாம். இதுவும் புகாரியிலே இருப்பதுதான். நம் முன்னோர்கள் அரபுத்தமிழிலே மார்க்க நூல்களை எழுதி வைத்ததும், வீட்டிலே இருக்கிற உம்மா தமிழிலேயே ஓதி, தமிழிலேயே பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டும் என்பதற்காகத்தானே!

மக்தபிலே பிள்ளைக்கு ஐந்து வயதில் 'ஹா'வும் 'ஐனும்' வரவில்லை என்று பிரம்பை எடுக்கும் உஸ்தாதுமார்களுக்கும் ஒரு சொல். 1984இல் கனடாவிலே வெர்க்கர், டீஸ் என்ற இருவர், ஆங்கிலம் கேட்டு வளரும் குழந்தைகளுக்கு ஹிந்தியின் 'த', 'ட' ஓசைகளைக் கேட்க வைத்தார்கள். ஆறேழு மாதத்தில் இரண்டையும் பிரித்தறிந்த குழந்தைகள், ஒரு வயதாகும்போது பிரித்தறியவில்லை. காது தன் வீட்டு மொழியின் ஓசைகளை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடுகிறது. தொட்டிலிலேயே உம்மாவின் கிராஅத்தைக் கேட்ட பிள்ளைக்கு மக்ரஜ் சுலபமாக வருகிறது. கேட்காத பிள்ளைக்குப் பொறுமையோடு பழக்க வேண்டும். பிரம்பு காதுக்குள் போகாது.

இவ்வளவும் காது கேட்கிற குழந்தைக்கு. கேளாத குழந்தைக்கு?

அல்லாஹ்வின் பெயரால் கேட்கிறேன், 'ஊமை' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். நாம் ஊமை என்று சொல்லுகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் வாய்ப் பழுது உள்ளவர்கள் அல்லர். காது கேளாததால் பேச்சைக் கற்க முடியாமற் போனவர்கள். இதிலே பெற்றோரை ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. பிறவியிலே கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் 'ஆ, ஊ' என்று மழலை எழுப்பும், சிரிக்கும், கதவை அறைந்தால் அதிர்வை உணர்ந்து திரும்பும், முகத்தைப் பார்த்தே பலவற்றையும் புரிந்துகொள்ளும். 'கேட்குது, ஆனா பேச மாட்டேங்குது' என்று உம்மா சத்தியம் செய்வார். ஆகவே வீட்டிலே கைதட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியடைய வேண்டாம். தூங்குகிற குழந்தையின் காதிலே சிறு குமிழ் ஒன்றை வைத்துச் சில நிமிடங்களில் பார்த்துவிடுகிற பரிசோதனை இருக்கிறது, வலி கிடையாது. பிறந்த ஒரு மாதத்துக்குள் இந்தச் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும் என்பதே உலகெங்கும் மருத்துவர்கள் வைத்திருக்கிற கணக்கு. கேளாமை ஆறு மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகள், பின்னால் கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிட மொழியிலே நன்றாக முன்னேறுவதை 1998இல் அமெரிக்காவின் கொலராடோவிலே நடந்த ஆய்வு காட்டிற்று. ஆறு மாதத்தில் குரல் வந்த பக்கம் திரும்பாவிட்டால், ஒரு வயதில் ஒரு சொல்லும் வராவிட்டால், இரண்டு வயதில் 'உம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொல்லைச் சேர்க்காவிட்டால் காத்திருக்காதீர்கள். காது நன்றாகக் கேட்டும் கூப்பிட்டால் முகம் பார்க்காத, கை காட்டாத பிள்ளைகளும் உண்டு. அது ஆட்டிசம் போன்ற வேறு காரணமாக இருக்கலாம். அதற்கும் வழி இருக்கிறது. வாப்பா நாலு வயதில் பேசினார் என்பது மருத்துவம் ஆகாது.

எங்கே போவது என்றால், 2013 முதல் குழந்தைகளின் பிறவிக் குறைகளைக் கண்டறிய நாடெங்கும் அரசுத் திட்டம் நடக்கிறது. இராமநாதபுரத்திலே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டுவிட்டது. காது, மூக்கு, தொண்டைப் பிரிவு எங்கே என்று அங்கே போய்க் கேளுங்கள். கேட்புக் கருவி போதாத அளவுக்குக் கேளாமை இருந்தால், காதுக்குள்ளே இருக்கிற அந்தச் சங்கிலேயே மின்கருவி பொருத்துகிற சிகிச்சை இருக்கிறது. வெளியிலே பல லட்ச ரூபாய் ஆகிற அந்தச் சிகிச்சை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஆறு வயதுக்குட்பட்ட, தகுதியுள்ள ஏழைக் குழந்தைகளுக்குச் செலவின்றிச் செய்யப்படுகிறது. ஆறு வயது என்ற அந்த வரம்பைக் கவனியுங்கள். ஐந்தரை வயதுவரை தாயத்துக் கட்டிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு ஓடினால் என்ன ஆகும்? கருவி வைத்துவிட்டால் மறுநாளே பேச்சு வந்துவிடாது. மாதக் கணக்காய், ஆண்டுக் கணக்காய் உம்மா கூடவே இருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க வேண்டும். சென்னையிலே 1969இல் தொடங்கிய பால வித்யாலயா என்ற பள்ளி, காது கேளாத பச்சிளங் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, தாயையும் வகுப்பிலே உட்கார வைத்தே சொல்லித் தருகிறது. அங்கே பயின்று சாதாரணப் பள்ளிகளுக்குப் போன பிள்ளைகள் அநேகர்.

எந்தக் கருவியும் பயன்படாத பிள்ளைக்குச் சைகை மொழி இருக்கிறது. அதை அற்பமாக நினைக்காதீர்கள். பேச முடியாதவரின் தெளிவான சைகை நிகாஹ், வியாபாரம் போன்றவற்றில் பேச்சுக்குச் சமம் என்று ஃபிக்ஹு கிதாபுகளிலே நம் இமாம்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். காது வழியாகவோ கை வழியாகவோ பிள்ளைக்கு ஒரு மொழி போய்ச் சேர வேண்டும். எதுவுமே போய்ச் சேராமல் வளர்ப்பதுதான் அக்பரின் மாளிகை.

கேளாமை ஏன் வருகிறது என்பதிலே இரண்டு காரணங்களைச் சொல்லாமல் விட்டால் நான் உண்மையை மறைத்தவனாவேன். ஒன்று, பரம்பரை பரம்பரையாய்ச் சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பது. மாமி மகள், சாச்சா மகள் நிகாஹ் ஹலால், அதிலே சந்தேகமில்லை. ஆனால் ஹலால் என்பது கடமை என்று ஆகிவிடாது. நம் கரையோர ஊர்களில் பின்பற்றுகிற ஷாஃபியீ மத்ஹபிலே, மணப்பெண் மிக நெருங்கிய உறவாக இல்லாதிருப்பதே விரும்பத்தக்கது என்று இமாம் நவவி (ரஹ்) மின்ஹாஜிலே எழுதியிருக்கிறார்கள். சொத்து வெளியே போகக்கூடாது என்பதற்காக ஹலாலைப் பிடித்துக்கொள்கிறவர்கள் இந்த வரியைப் படிப்பதில்லை. குடும்பத்திலே ஏற்கெனவே பிறவிக் கேளாமை இருந்தால், பேச்சு முடிக்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மற்றொன்று, கர்ப்ப காலத்திலே தாய்க்கு வருகிற ருபெல்லா என்ற அம்மை. தாய்க்கு அது லேசான காய்ச்சலாய்ப் போய்விடும். வயிற்றுப் பிள்ளையின் காதையும் கண்ணையும் இதயத்தையும் கெடுத்துவிடும். அதைத் தடுக்கும் தட்டம்மை - ருபெல்லா தடுப்பூசியை 2017 பிப்ரவரியிலே தமிழகம் முழுவதும் பிள்ளைகளுக்குப் போட வந்தபோது, வாட்ஸ்அப்பிலே வந்த வதந்தியை நம்பிப் பயந்தவர்கள் எத்தனை பேர்! கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்திலே முஸ்லிமில் ஹதீஸ் இருக்க, தொழுகையாளிகளே அதைப் பரப்பினார்கள். இன்று அது வழக்கமான தடுப்பூசிகளில் ஒன்றாகிவிட்டது. உங்கள் பெண் பிள்ளைகளுக்குத் தவறாமல் போடுங்கள். பிறந்த குழந்தைக்குக் கடுமையான காமாலை வந்தாலும் காதைத் தாக்கும்; வெயிலிலே காட்டினால் போதும் என்று வீட்டிலே வைத்துக்கொள்ளாதீர்கள். காதிலே சீழ் வந்தால் காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதையும் விட்டுவிடுங்கள்.

"அப்படியானால் ஓதிப் பார்ப்பது வேண்டாமா, அஸ்ரத்?" என்று கேட்பீர்கள். ஓதுவேன். ஓதுவது சுன்னத்து. ஆனால் கிராமவாசிகள் வந்து மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர மருந்தில்லாத நோயை அல்லாஹ் வைக்கவில்லை என்ற கருத்திலே நாயகம் (ஸல்) அவர்கள் பதில் சொன்னதும் அபூதாவூதிலே இருக்கிறது. தண்ணீர் ஓதிக் கொடுக்கிற ஆலிம், அந்தத் தண்ணீரோடு மருத்துவமனைக்கு வழியும் சொல்லிக் கொடுக்க வேண்டும். இப்போது என்னிடம் பேசாத குழந்தையைக் கொண்டு வந்தால், ஓதுவதற்கு முன்பாகவே "காது பார்த்தீர்களா? காகிதம் எங்கே?" என்று கேட்டுவிடுகிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. "ஓத வந்தா டாக்டரு மாதிரி கேக்குறாரே" என்று ஒரு மூதாட்டி தெருவிலே போய்ச் சொன்னாராம். சொல்லட்டும்.

அந்தப் பையனுக்குக் கருவி வைத்தாகிவிட்டது. இப்போது மக்தபுக்கு வருகிறான். அலிஃப் என்பதை 'அயிப்' என்கிறான். 'ஸீனும்' 'ஷீனும்' அவனுக்கு ஒன்றுதான். மற்றப் பிள்ளைகள் முதல் நாள் சிரித்தார்கள். மூஸா (அலை) அவர்களும் நாவு திருந்த துஆக் கேட்ட நபிதான் என்று சொன்னேன், அடங்கிவிட்டார்கள். அவனை முதல் வரிசையிலே, என் வாய் அவனுக்கு நன்றாகத் தெரியும்படி, மின்விசிறியின் இரைச்சலுக்குத் தள்ளி உட்கார வைத்திருக்கிறேன். அவன் உம்மாவும் பக்கத்து அறையிலே உட்கார்ந்து அன்றைய பாடத்தைக் கேட்டுக்கொண்டு போய், ராத்திரியிலே வீட்டில் அவனோடு சொல்லிப் பார்க்கிறார்.